ஒரே பட்டியலில் சுகார்த்தோவும் மார்சினாவும்

2025 நவம்பர் 10 அன்று ஜகார்த்தாவில் உள்ள அதிபர் மாளிகையில், மறைந்த பத்துப் பேருக்கு ‘தேசிய வீரர்’ என்ற பட்டம் வழங்கப்பட்டது. அவர்களில் ஒருவர், 32 ஆண்டுகள் இந்தோனேசியாவை ராணுவத்தின் துணையோடு ஆண்ட சுகார்த்தோ. இன்னொருவர், 1965இல் கம்யூனிஸ்டுகளை வேட்டையாட ஜாவாவின் கிராமங்களுக்குள் சிறப்புப் படையை நடத்திச் சென்ற தளபதி சார்வோ எடி. மூன்றாமவர் அப்துர்ரஹ்மான் வாஹித். அதிபராக இருந்தபோது அந்தப் படுகொலைகளுக்காக மன்னிப்புக் கேட்டவர். நான்காமவர் மார்சினா. கிழக்கு ஜாவாவில் ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சுகார்த்தோவின் ஆட்சிக் காலத்தில், 1993இல், கூலி உயர்வு வேலைநிறுத்தத்தில் முன்னின்றதற்குப் பிறகு கடத்திக் கொல்லப்பட்ட 24 வயதுத் தொழிலாளி.

ஒடுக்கியவருக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் ஒரே நாளில் ஒரே பட்டம். அதை வழங்கியவர் அதிபர் பிரபோவோ சுபியாந்தோ. இவர் சுகார்த்தோவின் முன்னாள் மருமகன். 1998இல் ஜனநாயக ஆர்வலர்கள் கடத்தப்பட்ட விவகாரத்தை ஒட்டி ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அதிகாரி. தேசம் தன் பழைய காயங்களை மறந்து ஒன்றுபடுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. ஆனால் விசாரணையும் இல்லாமல், தண்டனையும் இல்லாமல், உண்மையும் சொல்லப்படாமல் கொலையாளிகளின் தரப்புக்கு வழங்கப்படும் பட்டம் நல்லிணக்கம் ஆகாது. நடந்தது சரியே என்று அரசு வழங்கும் சான்றிதழ் அது. அதன் அருகில் மார்சினாவின் பெயரைச் சேர்த்தது, அந்தச் சான்றிதழின் மீது பூசப்பட்ட வண்ணம்.

இந்தோனேசியாவில் சோசலிசத்தின் கொடியை ஏந்திய ஒரு மாபெரும் கட்சி, சில மாதங்களில் ரத்த வெள்ளத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அந்த வரலாற்றை அறிவது இடதுசாரி இயக்கத்தின் ஒவ்வொரு ஊழியருக்கும் அவசியம்.

சுரபயாவில் சிந்திய ரத்தம்

பட்டம் வழங்கப்பட்ட நவம்பர் 10 அந்த நாட்டில் வீரர்கள் தினம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தோடு இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு.

டச்சுக் காலனி ஆதிக்கத்தில் நீண்ட காலமும், ஜப்பானிய ஆக்கிரமிப்பில் மூன்றரை ஆண்டுகளும் துன்புற்ற மக்களின் சார்பில், 1945 ஆகஸ்ட் 17 அன்று சுகர்ணோவும் ஹத்தாவும் விடுதலையைப் பிரகடனம் செய்தனர். போரில் வென்ற நேச நாடுகளின் பெயரால் பிரிட்டிஷ் படைகள் ஜாவாவில் இறங்கின. டச்சுக்காரர்கள் திரும்பி வருவதற்கு அவை வழியமைத்தன. அந்தப் படைகளில் பெரும் பகுதியினர் இந்தியச் சிப்பாய்கள். நவம்பர் 10 அன்று துறைமுக நகரான சுரபயா மீது கப்பல்களிலிருந்தும் விமானங்களிலிருந்தும் குண்டுகள் பொழியப்பட்டன. அரைகுறை ஆயுதங்களுடன் இளைஞர்கள் வீதிக்கு வீதி எதிர்த்து நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தன் விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த ஒரு நாட்டின் சிப்பாய்களை இன்னொரு நாட்டின் விடுதலையை நசுக்க அனுப்பியதை இந்திய தேசிய இயக்கம் வன்மையாகக் கண்டித்தது. இந்தியச் சிப்பாய்களில் நூற்றுக்கணக்கானோர் படையை விட்டு விலகிக் குடியரசின் பக்கம் போய்ச் சேர்ந்தனர். அதே காலத்தில் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் இந்தோனேசிய மாலுமிகள் டச்சுக் கப்பல்களை விட்டு இறங்கியபோது, அவர்களோடு இந்திய மாலுமிகளும் சேர்ந்து நின்றார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர் சங்கங்கள் டச்சுக் கப்பல்களில் சரக்கேற்ற மறுத்தன. பாட்டாளி வர்க்க சர்வதேசியத்தின் ஒளிமிக்க பக்கங்களில் இதுவும் ஒன்று.

நான்காண்டுப் போருக்குப் பிறகு 1949 டிசம்பர் 27 அன்று நெதர்லாந்து அதிகாரத்தைக் கைமாற்றியது. அதற்கு முன் ஹேக் வட்டமேசை மாநாட்டில் ஒரு விலையை வாங்கிக்கொண்டது. காலனி அரசின் கடனில் ஏறத்தாழ 430 கோடி கில்டரைப் புதிய நாடு ஏற்க வேண்டியதாயிற்று. விடுதலைப் போராளிகளைச் சுட்டுக் கொல்ல ஆன செலவும் அந்தக் கடனில் அடக்கம். டச்சுக் கம்பெனிகளின் தோட்டங்களும் கப்பல்களும் வங்கிகளும் டச்சுக்காரர்களிடமே இருந்தன. கொடி மாறியது, கணக்குப் புத்தகம் மாறவில்லை.

அதற்கு ஓராண்டு முன்பே இன்னொரு விலையும் கொடுக்கப்பட்டிருந்தது. 1948 செப்டம்பரில் கிழக்கு ஜாவாவின் மாதியுன் நகரில் வெடித்த மோதலைச் சாக்காக வைத்துக் குடியரசின் ராணுவம் கம்யூனிஸ்டுகள் மீது பாய்ந்தது. கட்சித் தலைவர் மூசோ சுட்டுக் கொல்லப்பட்டார். பிரதமராக இருந்த அமீர் ஷரிஃபுதீன் விசாரணையின்றி மரண தண்டனைக்கு ஆளானார். பனிப்போர் தொடங்கிய அந்த நாட்களில் இது அமெரிக்காவுக்குப் பிடித்த செய்தியாக இருந்தது. டச்சுக்காரர்களைக் கைவிட்டு, கம்யூனிஸ்டுகளை அடக்கத் தெரிந்த குடியரசை ஆதரிப்பதற்கு அமெரிக்கா நகர்ந்ததில் மாதியுனுக்குப் பெரும் பங்கு இருந்தது.

மீண்டு எழுந்த கட்சி

1920 மே 23 அன்று தோன்றிய இந்தோனேசியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆசியாவின் மிகப் பழைய கம்யூனிஸ்ட் கட்சிகளில் ஒன்று. 1926–27 எழுச்சியின் தோல்விக்குப் பிறகு அதன் ஊழியர்கள் நியூ கினியாக் காட்டில் இருந்த போவன் டிகூல் தடுப்பு முகாமுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். மாதியுனில் இரண்டாவது முறை நசுக்கப்பட்டார்கள். இரண்டு முறையும் கட்சி எழுந்தது.

1951 முதல் ஐடித், லுக்மான், நியோதோ, சுதிஸ்மான் முதலிய இளம் தலைவர்கள் கட்சியை வெகுஜனக் கட்சியாகக் கட்டினார்கள். ரயில்வே, துறைமுகம், சர்க்கரை ஆலை, ரப்பர்த் தோட்டம் எங்கும் சோப்சி தொழிற்சங்க மையம் வேர்விட்டது. விவசாயிகள் முன்னணியும், கெர்வானி என்ற மாதர் இயக்கமும், லெக்ரா என்ற பண்பாட்டு அமைப்பும் லட்சக்கணக்கானோரைத் திரட்டின. ஊழியர்கள் கிராமங்களில் எழுத்தறிவு வகுப்புகள் நடத்தினார்கள். கெர்வானி குழந்தைகள் பள்ளிகளை நடத்தியது. குழந்தைத் திருமணத்தையும் பலதார மணத்தையும் எதிர்த்தது.

1955 ஏப்ரலில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாடு உலகின் கவனத்தை இந்தோனேசியாவின் பக்கம் திருப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி 16.4 சதவீத வாக்குகளுடன் நான்காம் இடம் பெற்றது. ஏழு ஆண்டுகளுக்கு முன் தலைமையையே இழந்த கட்சிக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாக்களித்திருந்தார்கள். 1957 உள்ளாட்சித் தேர்தல்களில் ஜாவாவில் அதன் வாக்கு மேலும் உயர்ந்தது. வலதுசாரிக் கட்சிகளும் ராணுவத் தலைமையும் அதைக் கவலையோடு பார்த்தன. 1959இல் நடக்க வேண்டிய அடுத்த பொதுத்தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. இந்தோனேசிய மக்கள் மீண்டும் ஒரு சுதந்திரமான பொதுத்தேர்தலைக் காண 1999 வரை, 44 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

தொழிலாளர் கைப்பற்றியது, ராணுவத்தின் கைக்குப் போனது

1957 டிசம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி பின்னால் வந்த அனைத்தையும் தீர்மானித்தது. மேற்கு நியூ கினியாவை விட்டுத்தர மறுத்த நெதர்லாந்துக்கு எதிராகத் தொழிலாளர்கள் டச்சுக் கப்பல் கம்பெனியின் அலுவலகத்திலும் தோட்டங்களிலும் வங்கிகளிலும் சிவப்புக் கொடியை ஏற்றி அவற்றைக் கைப்பற்றினார்கள். சில நாட்களுக்குள் ராணுவத் தலைமை தலையிட்டது. நாட்டில் அப்போது ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. கைப்பற்றிய நிறுவனங்களை ராணுவம் தன் கண்காணிப்பில் கொண்டுவந்தது. கர்னல்கள் மேலாளர்கள் ஆனார்கள். காலனிக் கம்பெனிகள் நாட்டுடைமை ஆயின என்பது உண்மை. அவற்றின் லாபமும் நிர்வாகமும் சீருடை அணிந்த ஒரு புதிய முதலாளிக் கூட்டத்தின் கைக்குப் போயின என்பதும் உண்மை. அதன் பிறகு அந்த நிறுவனங்களில் கூலி கேட்டுப் போராடிய தொழிலாளி, முதலாளியையும் ராணுவத்தையும் ஒரே ஆளாக எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

1958இல் சுமத்ராவிலும் சுலவேசியிலும் சில ராணுவத் தளபதிகள் நடத்திய கலகத்துக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. ஆயுதமும் விமானமும் கொடுத்தது. அதன் விமானி ஆலன் போப் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டபோது குட்டு உடைந்தது. கலகம் தோற்றது. ஆனால் அதை அடக்கிய ராணுவம் முன்னிலும் பலம் பெற்றது. 1959 ஜூலையில் சுகர்ணோ நாடாளுமன்ற ஆட்சியை முடித்துவைத்து ‘வழிநடத்தப்படும் ஜனநாயகம்’ என்ற முறையைக் கொண்டுவந்தார். தேசியம், மதம், கம்யூனிசம் ஆகிய மூன்றும் கைகோர்க்கும் என்றார். ராணுவத்தின் அடக்குமுறையிலிருந்து சுகர்ணோ தன்னைக் காப்பார் என்று எண்ணிய கம்யூனிஸ்ட் கட்சி அந்த ஏற்பாட்டை ஆதரித்தது. ஊர்வலங்களில் லட்சக்கணக்கில் திரண்டது. அதன் தலைவர்கள் அமைச்சர் அந்தஸ்து பெற்றார்கள். ஆனால் காவல்துறையோ ராணுவமோ நிதியோ அவர்களிடம் ஒருபோதும் வரவில்லை.

நிலம்தான் சோதனைக்களமாக இருந்தது. 1960இல் நிலச் சீர்திருத்தச் சட்டமும், குத்தகை விவசாயிக்கு நெல் விளைச்சலில் பாதியை உறுதி செய்யும் சட்டமும் நிறைவேறின. நிலப்பிரபுக்கள் அவற்றை ஏட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். 1963–64இல் விவசாயிகள் முன்னணி சட்டம் கொடுத்த உரிமையை நேரடியாக எடுக்கும் போராட்டத்தைத் தொடங்கியது. உபரி நிலத்தில் உழவர்கள் ஏர் ஓட்டினார்கள். கிழக்கு ஜாவாவில் நிலவுடைமையாளர்கள் பலர் மதப் பள்ளிகளின் தலைவர்களாகவும் இருந்தார்கள். நிலத்தின் மீதான போராட்டம் மதத்தின் மீதான தாக்குதல் என்று பரப்பப்பட்டது. எண்ணிக்கையில் ஒருவருக்கு ஒருவர் சளைக்காத ஏழை விவசாயிகள் இரு முகாம்களாகப் பிரிக்கப்பட்டார்கள். அரசு நிர்வாகம் நிலவுடைமையாளர் பக்கம் நின்றது. சுகர்ணோ சமரசம் பேசச் சொன்னார். கட்சி பின்வாங்கியது. எதிரி அதைக் கவனித்துக்கொண்டான்.

1965இல் கட்சியின் உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 30 லட்சம். சோவியத் யூனியனுக்கும் சீனாவுக்கும் அடுத்து உலகின் மூன்றாவது பெரிய கம்யூனிஸ்ட் கட்சி அது. ஆனால் அந்த 30 லட்சம் பேரும் ஆயுதம் தாங்கிய ஒரு ராணுவத்தின் முன்பு வெறுங்கையோடு நின்றார்கள்.

1965: திட்டமிட்ட படுகொலை

1965 அக்டோபர் 1 விடியற்காலையில், லெப்டினன்ட் கர்னல் உந்துங் தலைமையில் ஒரு ராணுவக் குழு ஆறு தளபதிகளையும் ஒரு லெப்டினன்டையும் கடத்திக் கொன்றது. ‘செப்டம்பர் 30 இயக்கம்’ என்று அது தன்னை அழைத்துக்கொண்டது. ராணுவத்தின் வியூகச் சேமப் படைக்குத் தலைமை தாங்கிய சுகார்த்தோ ஒரே நாளில் அதை முறியடித்தார். கட்சித் தலைமையில் மிகச் சிலருக்கு அந்த இயக்கத்தோடு இருந்த தொடர்பின் அளவு குறித்து வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஆனால் கிராமத்துக் கிளையில் இருந்த உழவருக்கும், ரயில்வே பணிமனைத் தொழிலாளிக்கும், குழந்தைகள் பள்ளியின் ஆசிரியைக்கும் அதைப் பற்றி எதுவும் தெரியாது என்பதில் விவாதமே இல்லை. தண்டிக்கப்பட்டவர்கள் அவர்கள்தான்.

படுகொலைக்கு முன்னோடியாக ஒரு பொய் அனுப்பப்பட்டது. கெர்வானிப் பெண்கள் தளபதிகளின் கண்களைத் தோண்டி, பிறப்புறுப்புகளை அறுத்து, ஆடிப்பாடினார்கள் என்று ராணுவத்தின் பத்திரிகைகள் எழுதின. உடல்களைச் சோதித்த மருத்துவர்கள் அப்படி எந்தக் காயமும் இல்லை என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள். அந்தப் பரிசோதனைக்கு உத்தரவிட்டவரே சுகார்த்தோ. அறிக்கை மறைக்கப்பட்டது. பொய் ஊர் ஊராகப் பயணம் செய்தது. மற்றப் பத்திரிகைகள் மூடப்பட்டிருந்ததால் அதை மறுக்க ஆளில்லை. உழைக்கும் பெண்களின் ஓர் அமைப்பு ஒரே வாரத்தில் பேய்களின் கூட்டமாகச் சித்திரிக்கப்பட்டது.

பிறகு கொலை தொடங்கியது. ஆத்திரம் கொண்ட மக்கள் தாமாகப் பொங்கி எழுந்தார்கள் என்று பல்லாண்டு சொல்லப்பட்டது. காலவரிசை அதைப் பொய்யாக்குகிறது. மத்திய ஜாவாவில் சார்வோ எடியின் படை வந்து சேர்ந்த பிறகே பெரும் கொலைகள் நடந்தன. பாலித் தீவில் டிசம்பரில் உச்சம் தொட்டன. ராணுவம் பட்டியல் கொடுத்தது, வண்டி கொடுத்தது, இளைஞர் கும்பல்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. கைதிகள் இரவில் லாரிகளில் ஏற்றப்பட்டு ஆற்றங்கரைகளிலும் தோட்டங்களிலும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாலியின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 5 சதவீதம் அழிக்கப்பட்டது. வட சுமத்ராவின் ரப்பர்த் தோட்டங்களில் தொழிற்சங்கத் தலைவர்கள் தேடித்தேடிக் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களில் மாண்டவர்கள் 5 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வரை என்று மதிப்பிடப்படுகிறது. ஐடித் நவம்பரில் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஏகாதிபத்தியம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கட்சி ஊழியர்களின் பெயர்ப் பட்டியலை ராணுவத்திடம் கொடுத்ததை ஜகார்த்தாவில் பணியாற்றிய ஓர் அமெரிக்கத் தூதரக அதிகாரியே 1990இல் ஒப்புக்கொண்டார். 2017இல் வெளியிடப்பட்ட தூதரக ஆவணங்கள், கொலைகள் நடப்பதை அமெரிக்க அதிகாரிகள் நாளுக்கு நாள் அறிந்திருந்ததையும் வரவேற்றதையும் காட்டுகின்றன. பிரிட்டனின் பிரச்சாரப் பிரிவு சிங்கப்பூரில் அமர்ந்து கம்யூனிஸ்ட் எதிர்ப்பு வெறியை ஊதிக்கொண்டிருந்தது.

யாருக்கு லாபம்?

1966 மார்ச் 11 அன்று சுகர்ணோவிடமிருந்து அதிகாரக் கடிதத்தைப் பெற்ற சுகார்த்தோ, மறுநாளே கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தார். 1967 ஜனவரியில் புதிய அந்நிய முதலீட்டுச் சட்டம் வந்தது. மேற்கு நியூ கினியாவின் மக்கள் தம் எதிர்காலம் பற்றி எதுவும் கேட்கப்படாத நிலையிலேயே, அங்குள்ள செம்பு மலையைத் தோண்ட அமெரிக்கச் சுரங்கக் கம்பெனியான ஃப்ரீபோர்ட்டுடன் அதே ஆண்டு ஒப்பந்தம் போடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969இல், ராணுவம் பொறுக்கியெடுத்த ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கொண்டு ‘சுதந்திரத் தேர்வு’ என்ற நாடகம் நடந்தது. 1967 நவம்பரில் ஜெனீவாவில் பன்னாட்டு நிறுவனங்களின் தலைவர்கள் முன்னால் சுகார்த்தோவின் அமைச்சர்கள் நாட்டின் வளங்களை விவரித்து முதலீடு கோரினார்கள்.

டச்சு முதலாளிகளும் மறக்கப்படவில்லை. நாட்டுடைமையான சொத்துகளுக்கு இழப்பீடாக 60 கோடி கில்டர் தருவதாக 1966இல் உடன்பாடு ஏற்பட்டது. சுகார்த்தோ அரசுக்குக் கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்குத் தலைமை வகித்தது நெதர்லாந்து. தொழிலாளர்கள் சிவப்புக் கொடியேற்றிப் பத்து ஆண்டுகள் ஆகவில்லை. பழைய எஜமானன் கடன்காரர்களின் தலைவனாக முன்வாசல் வழியே திரும்பி வந்தான். கிராமங்களில் உழவர் பெற்ற நிலத்தைப் பல இடங்களில் நிலவுடைமையாளர்கள் திரும்பப் பிடுங்கினார்கள். கொலை எதற்காக நடந்தது என்பதற்கு இவற்றை விடத் தெளிவான விடை தேவையில்லை.

உயிர் தப்பியவர்களுக்குச் சிறை. விசாரணையின்றிப் பல்லாயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள். சுமார் 12,000 பேர் புரு தீவுக்கு அனுப்பப்பட்டுக் காடு திருத்த வைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் எழுத்தாளர் பிரமோத்யா அனந்த தூர். எழுதத் தாள் மறுக்கப்பட்ட காலத்தில் தன் நாவல்களை உடனிருந்த கைதிகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிக் காப்பாற்றினார். விடுதலையானவர்களின் அடையாள அட்டையில் முன்னாள் அரசியல் கைதி என்ற முத்திரை குத்தப்பட்டது. அவர்களின் பிள்ளைகளுக்கும் அரசு வேலை மறுக்கப்பட்டது.

இந்த ஆட்சிதான் 1975 டிசம்பர் 7 அன்று கிழக்குத் திமோர் மீது படையெடுத்தது. அமெரிக்க அதிபர் ஃபோர்டும் கிஸ்ஸிங்கரும் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டுச் சென்ற மறுநாள் அது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட திமோர் மக்கள் குண்டுக்கும் பசிக்கும் பலியானார்கள். 1999 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் விடுதலையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மார்சினாவின் மே மாதம்

சுகார்த்தோ காலத்தில் வளர்ச்சி வந்தது என்று அவரைப் போற்றுவோர் புள்ளிவிவரம் காட்டுகிறார்கள். அந்த வளர்ச்சியின் அடித்தளம் மலிந்த கூலி. மலிந்த கூலியின் காவல் ராணுவம். அரசு அனுமதித்த ஒரே தொழிற்சங்க மையம். வேலைநிறுத்தம் என்றால் ராணுவ முகாமிலிருந்து அழைப்பு.

1993 மே 3, 4 தேதிகளில் கிழக்கு ஜாவாவின் சிடோவார்ஜோ மாவட்டத்தில், மார்சினா வேலை செய்த தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. நாளொன்றுக்கு 1,700 ரூப்பியா கூலியை 2,250 ஆக உயர்த்த வேண்டும் என்பது கோரிக்கை. அரசே நிர்ணயித்த தொகைதான் அது. மே 5 அன்று 13 தொழிலாளர்கள் மாவட்ட ராணுவ முகாமுக்கு அழைக்கப்பட்டு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட வைக்கப்பட்டார்கள். அவர்கள் நிலையை விசாரிக்கப் போன மார்சினா அன்று இரவு காணாமல் போனார். சில நாட்களில் சித்திரவதைக் காயங்களுடன் அவர் உடல் ஒரு குடிசையில் கிடைத்தது. தொழிற்சாலை அதிகாரிகள் சிலர் மீது வழக்கு நடந்தது. உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கொன்றவர் யார் என்பதற்கு அரசு இன்று வரை பதில் சொல்லவில்லை. பட்டம் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு வழக்கை மீண்டும் திறக்கத் தெரியவில்லை.

1997இல் ஆசிய நாணய நெருக்கடி வந்தது. டாலருக்குச் சுமார் 2,500 ஆக இருந்த ரூப்பியா, அடுத்த ஆண்டு 15,000க்கும் கீழே சரிந்தது. சர்வதேச நிதியத்தின் நிபந்தனைகளை ஒட்டி 1998 மே மாதத் தொடக்கத்தில் எரிபொருள் விலை ஏறியது. மே 12 அன்று திரிசக்தி பல்கலைக்கழகத்தின் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சீன வம்சாவளியினர் குறிவைத்துத் தாக்கப்பட்டார்கள். மாணவர்கள் நாடாளுமன்றக் கட்டிடத்தின் கூரை மீது ஏறி நின்ற அந்த நாட்களின் முடிவில், மே 21 அன்று சுகார்த்தோ பதவி விலகினார். அவர் குடும்பம் சுருட்டியது 1,500 கோடி முதல் 3,500 கோடி டாலர் வரை இருக்கும் என்று டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பு 2004இல் மதிப்பிட்டது. ஒரு நாள்கூடச் சிறை செல்லாமல் 2008இல் அவர் இறந்தார்.

முடியாத கணக்கு

1998க்குப் பிறகு தேர்தல் வந்தது, பத்திரிகைச் சுதந்திரம் வந்தது, தொழிற்சங்கங்கள் பெருகின. இவை மக்கள் ரத்தம் சிந்திப் பெற்றவை. குறைத்து மதிப்பிடத்தக்கவை அல்ல. ஆனால் சொத்தும் ராணுவமும் பழைய கைகளிலேயே இருந்தன. 2000இல் அதிபர் வாஹித், கம்யூனிசத்தைத் தடை செய்யும் 1966ஆம் ஆண்டுத் தீர்மானத்தை நீக்க வேண்டும் என்று முன்மொழிந்தபோது எல்லாப் பெரிய கட்சிகளும் எதிர்த்தன. மறு ஆண்டு அவரே பதவி நீக்கப்பட்டார். தடை இன்றும் நீடிக்கிறது. 2022இல் நிறைவேறிய புதிய குற்றவியல் சட்டத்திலும் மார்க்சிய, லெனினியக் கருத்துகளைப் பரப்புவது குற்றமாகவே இருக்கிறது. 1965 நிகழ்வுகள் கடுமையான மனித உரிமை மீறல் என்று நாட்டின் மனித உரிமை ஆணையம் 2012இல் அறிக்கை அளித்தது. 2023 ஜனவரியில் அதிபர் ஜோகோ விடோடோ அதை வருத்தத்துடன் ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தின் படி ஏறியவர் மட்டும் ஒருவரும் இல்லை.

அதே விடோடோவின் ஆட்சியில்தான் 2020 அக்டோபரில் பணிநீக்க இழப்பீட்டைக் குறைத்து ஒப்பந்த வேலையைத் தாராளமாக்கிய ஒருங்கிணைந்த சட்டம் வந்தது. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 தேர்தலில் பிரபோவோ 58 சதவீத வாக்குகளுடன் வென்றார். 2025 மார்ச்சில் பணியிலிருக்கும் ராணுவ அதிகாரிகள் வகிக்கக்கூடிய சிவில் பதவிகள் அதிகரிக்கப்பட்டன. ஆகஸ்டில், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மாதம் 5 கோடி ரூப்பியா வீட்டுப்படி என்ற செய்தி வெளியாகி மக்கள் வீதிக்கு வந்தபோது, செயலி வழி மோட்டார்சைக்கிள் ஓட்டும் ஓர் இளம் தொழிலாளி காவல்துறையின் கவச வாகனத்தின் கீழ் நசுங்கி இறந்தார். அதற்குப் பத்து வாரங்கள் கழித்துத்தான் சுகார்த்தோ வீரரானார். ராணுவம் மீண்டும் ஆட்சி அலுவலகங்களுக்குள் நுழையும் நேரத்தில், ராணுவ ஆட்சியைப் புகழ வேண்டிய தேவை எழுவது இயல்பே.

இந்தியாவின் முதல் குடியரசு தின விழாவில், 1950இல், சிறப்பு விருந்தினராக நின்றவர் சுகர்ணோ. 2025 குடியரசு தினத்தில் அந்த இடத்தில் நின்றவர் பிரபோவோ. ஏகாதிபத்திய எதிர்ப்பின் பாண்டுங்கிலிருந்து இரு நாடுகளின் ஆளும் வர்க்கங்களும் எவ்வளவு தூரம் விலகி வந்திருக்கின்றன என்பதற்கு இந்த இரு காட்சிகளே போதும். சுகார்த்தோவுக்குப் பட்டம் கிடைத்துப் பதினொரு நாட்களில் இந்தியாவில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கற்க வேண்டியவை

இந்தோனேசியத் தோழர்களின் தியாகத்தை வணங்குவதோடு நில்லாமல், அவர்களின் தோல்வியிலிருந்து கற்பதும் கடமை. 1966இல் தலைமறைவாக இருந்த சுதிஸ்மான் உள்ளிட்ட தலைவர்கள் கட்சியின் பிழைகளைச் சுயவிமர்சனம் செய்தார்கள். நீதிமன்றத்தில் பொறுப்பை ஏற்ற சுதிஸ்மான் 1968இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

முதலாவதாக, ஐக்கிய முன்னணி அவசியம்; ஆனால் ஒரு தலைவரின் நிழல் அதற்கு ஈடாகாது. சுகர்ணோ நேர்மையான ஏகாதிபத்திய எதிர்ப்பாளர். ஆனாலும் அவர் வீழ்ந்தபோது அவரை நம்பியிருந்த கட்சிக்கு ஒதுங்க இடமில்லை. இரண்டாவதாக, உறுப்பினர் எண்ணிக்கை வேறு, நெருக்கடியில் நிற்கும் அமைப்பு வேறு. பேரணியில் பத்து லட்சம் பேரைத் திரட்டிய இயக்கத்தின் பல கிளைகள், கைது செய்ய வந்தபோது கட்சி அலுவலகத்தில் உத்தரவுக்காகக் காத்திருந்தன. மூன்றாவதாக, பொதுத்துறை என்ற பெயரால் மட்டும் சொத்து மக்களுடையது ஆகிவிடாது. அதை யார் நிர்வகிக்கிறார்கள் என்பதில் தொழிலாளர் குரல் இருக்க வேண்டும். நான்காவதாக, மத நம்பிக்கையுள்ள ஏழை விவசாயியை நிலப்பிரபுவின் முகாமில் விட்டுவிட்டு நிலப் போராட்டம் வெல்லாது. ஐந்தாவதாக, பொய்ப் பிரச்சாரத்தை அற்பம் என்று ஒதுக்கக் கூடாது. கெர்வானி பற்றிய கட்டுக்கதை ஒரு வாரத்தில் பரவியது. அதை மறுக்கும் மருத்துவ அறிக்கை உலகுக்குத் தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்த ஐந்தும் வேறொரு நாட்டின் பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். வரலாற்றுப் பாடத்தைத் திருத்துவதும், தொழிற்சங்க உரிமையைப் பறிப்பதும், எதிர்ப்பவரைத் தேசத் துரோகி என்று பெயரிடுவதும் எங்கும் ஒன்றை ஒன்று பின்தொடர்கின்றன.

ஆனால் மறதியை யாராலும் முழுமையாகச் சட்டமாக்க முடியாது. 2007 ஜனவரி முதல், ஒவ்வொரு வியாழக்கிழமையும், ஜகார்த்தாவின் அதிபர் மாளிகைக்கு எதிரே கறுப்பு உடையணிந்து கறுப்புக் குடை பிடித்துச் சிலர் மௌனமாக நிற்கிறார்கள். 1998இல் மகனை இழந்த தாய், 1965இல் சிறை சென்ற முதியவர், அவர்களின் கதையைக் கேட்டு வந்து சேர்ந்த மாணவர்கள். அந்த மாளிகையின் உள்ளே பட்டங்கள் வழங்கப்படுகின்றன. வெளியே கேள்வி நின்றுகொண்டே இருக்கிறது. மார்சினாவின் உண்மையான வாரிசுகள் அந்தக் குடைகளின் கீழ் நிற்பவர்கள்தான். அவர்களின் பக்கம் நிற்பதே பாட்டாளி வர்க்க சர்வதேசியம்.